பித்தளைச் சிமிழில் இருப்பது

மகன்,

நேற்றுப் பின்னேரம் நீ பயணப் பெட்டியை அடுக்கி முடித்துவிட்டு வந்து, சாமித்தட்டில் இருக்கும் அந்தப் பித்தளைச் சிமிழின் மூடியில் கை வைத்தபோது நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா குளியலறையிலிருந்து துவாயோடு ஓடிவந்தார். நீ வெருண்டுபோய்க் கையை எடுத்துவிட்டாய். "ஜஸ்ட் எ பின்ச், அம்மா. பாங்கொக்குக்குக் கொண்டு போகத்தான். திருநீறுதானே?" என்றாய். நான் ஓம், திருநீறுதான் என்றேன். அதில் எடுக்காதே, மற்ற டப்பாவில் எடு என்றேன். நீ மற்ற டப்பாவிலிருந்து ஒரு கடதாசியில் மடித்துக்கொண்டு உன் அறைக்குப் போய்விட்டாய். ஐந்து வயதிலும் ஒருநாள் அதே சிமிழைத் திறக்கப் போய் என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். அன்றைக்கும் அது திருநீறு என்றுதான் சொன்னேன். இரண்டு தரமும் பொய் சொன்னேன். இந்தப் பொய்யை நான் முதன்முதல் சொன்னது பதினான்கு வயதில், இதே ஆக்லாந்தில், ஒரு தாய்லாந்து மளிகைக் கடைக்குள் நின்றுகொண்டு.

தமிழில் இவ்வளவு நீளமாக எழுதினால் நீ வாசித்து முடிக்க நேரமெடுக்கும் என்று தெரியும். விமானத்தில் உனக்கு நிறைய நேரம் இருக்கிறது. வாய்விட்டு வாசித்தால் சுலபமாக இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கப் போவதில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். அன்றைக்கு நான் செய்த பிழை ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் சொல்லும்போது செய்த பிழை. இதையாவது கேட்ட மொழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நானும் என் அம்மாவும் லின்ஃபீல்டில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பி எங்களை ஸ்பான்சர் செய்து கூப்பிட்டிருந்தார். அப்பா யாழ்ப்பாணத்தில் மாரடைப்பில் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. படிப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்று அண்ணா அங்கேயே நின்றுவிட்டார். அந்த அண்ணாதான் உன் டொரொன்டோ மாமா. போன ஞாயிறும் உன்னோடு கிரிக்கெட் கதைத்தவர். ஆனால் நான் சொல்லும் அந்த மாதங்களில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியாது. பொடியன்களை ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு அவருடைய கடிதங்கள் நின்றுவிட்டன. அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் நுழைய முன்பு தபால் பெட்டிக்குள் கையை விடுவார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் மூலை மூலையாகத் துழாவிப் பார்ப்பார்.

அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. நானோ கண்ணாடி போட்ட, நூலகத்தில் ஒரு தரத்துக்கு எத்தனை புத்தகம் தருவார்களோ அத்தனையையும் காவிக்கொண்டு வருகிற பிள்ளை. வங்கியில், டாக்டரிடம், டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில், யார் எதைச் சொன்னாலும் அம்மா என் பக்கம் திரும்பி ஒரே கேள்வியைக் கேட்பார். "என்னவாம், பிள்ளை?" அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குள் ஒரு வெளிச்சம் பற்றிக்கொள்ளும். என்னைப் பெற்றவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் சொல்வதுதான் அவருக்கு உலகம். எனக்கு விளங்காத சொல் வந்தால்கூட, தெரியாது என்று நான் சொன்னதே கிடையாது. ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவேன். அநேகமாக அது சரியாகவும் இருந்துவிடும். அதுதான் என்னைக் கெடுத்தது. நீ போகிற ஊரில் உனக்கு மொழி தெரியாது. அது நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது.

சனிக்கிழமைக் காலைகளில் பஸ் பிடித்து நகர மையத்துக்குப் போவோம். ஒரு மேட்டுத் தெருவில், ஒடுங்கிய வாசலோடு அந்தக் கடை இருந்தது. முதல் நாள் உள்ளே போனபோது இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இது பனங்கட்டியடி பிள்ளை!" என்று கடை அதிரக் கத்தினார். அடுத்த தட்டில் கரி பூசிய வாத்து முட்டைகள். "ஆரோ புதைச்சு வைச்சதைத் தோண்டி எடுத்து விக்கினம்" என்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார். ஒரு போத்தலுக்குள் விரல் நீளத்தில் கறுத்த வண்டுகள் உப்புத் தண்ணீரில் மிதந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே புளி, தேங்காய்ப்பால் டின், அரிசிமா, உறைய வைத்த வாழையிலை. நம்முடையதும் நினைத்தே பார்த்திராததும் ஒரே தட்டில் தோளோடு தோள் நின்றன. நான் என் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன்.

கடைக்காரியின் பெயர் நொய். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "நொய்யோ? அரிசி நொய்யோ?" என்று சிரித்தார். நொய்யும் என்னவென்று விளங்காமலே சேர்ந்து சிரித்தார். அம்மாவின் வயதுதான் இருக்கும். தனியாகத்தான் கடையை நடத்தினார்.

சில மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை ஒரு மூட்டை அரிசிக்காகப் போயிருந்தோம். நொய் அதை எடுக்கப் பின்னறைக்குப் போயிருந்தார். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் என் நெஞ்சு உயரத்தில் ஒரு சிவப்புத் தட்டு இருப்பதை அன்றுதான் கண்டோம். அதற்கு முன்னால் எப்போதும் நூடுல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அன்று அவை விற்றுத் தீர்ந்திருந்தன. தட்டில் பிள்ளையார் இருந்தார். தும்பிக்கை, வயிறு, உடைந்த கொம்பு, எல்லாம் சரியாக.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். எங்களுக்குத் தெரிந்து இந்த ஊரில் அப்போது போய்க் கும்பிட ஒரு கோயில் இல்லை. "பிள்ளையாரப்பா, நீ இஞ்சையே இருக்கிறாய்? நான் உன்னை எங்கெல்லாம் தேடினன்" என்றார், பழகிய ஆளைத் தெருவில் கண்டதுபோல.

பிள்ளையாருக்குப் பக்கத்தில், மழித்த தலையும் மஞ்சள் அங்கியுமாக ஒரு மனிதரின் படம், பிளாஸ்டிக் மல்லிகை மாலையோடு இருந்தது. அதன் முன்னால் ஒரு சாண் உயரத்தில் ஒரு பித்தளைச் சிமிழ், கோபுரம் போலக் கூரான மூடியோடு. படத்தைக் கண்டதும் அம்மா ஓரடி பின்னால் போனார். "பிக்குவோ? வா, போவம்" என்றார். நாங்கள் விட்டு வந்த நாட்டில் சிங்களப் பிக்குகள் போடும் அந்த அங்கியைக் கண்டால் எங்கள் ஆட்கள் ஏன் ஒதுங்குவார்கள் என்று மாமாவைக் கேட்டால் சொல்லுவார்.

நான் விடவில்லை. ஆசியாவின் சமயங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தை அந்தக் கிழமைதான் வாசித்து முடித்திருந்தேன். "இது வேற நாட்டு ஆக்கள் அம்மா. இவை புத்தரையும் கும்பிடுவினம், பிள்ளையாரையும் கும்பிடுவினம். புத்தகத்தில கிடக்கு. இவர் அவையின்ர சுவாமியார். இது திருநீறு."

"மெய்யே?"

"மெய்தான். எடுங்கோ."

புத்தகத்தில் சிமிழைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூடியைத் திறந்ததும் நான்தான்.

உள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி. அம்மா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மூன்று விரலால் எடுத்துத் தன் நெற்றி நிறையப் பூசினார். எனக்கும் பூசிவிட்டார். பிறகு நம்முடைய வழக்கப்படி ஒரு துளியைத் தன் நாக்கில் போட்டு, ஒரு துளியை என் நாக்கிலும் வைத்தார். என் பல்லுக்கிடையில் மணல் போல ஏதோ நெரிந்தது. "கொப்பியில ஒரு ஒற்றை கிழி, அண்ணாவை நினைச்சு வீட்டில வைச்சுப் பூசுவம்" என்றார். ஒரு பிடி அள்ளி அந்தக் கடதாசியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நொய் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எங்கள் நெற்றியைப் பார்த்தார். திறந்திருந்த சிமிழைப் பார்த்தார். மூட்டை அவர் கையிலிருந்து நழுவி விழுந்து, மூலை பிரிந்து, அரிசி என் சப்பாத்து வரைக்கும் ஓடி வந்தது. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "அது பவுடர் இல்லை. அது என் கணவர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் படத்தைத் தொட்டுக் காட்டினார். "இளம் வயதில் மூன்று மாதம் துறவியாக இருந்தார். எங்கள் ஊரில் ஆண்கள் அப்படிக் கொஞ்சக் காலம் துறவியாக இருப்பார்கள். அப்போது எடுத்த படம். போன வருடம் இங்கே இறந்தார். இது அவர்."

அந்த மணல் இன்னும் என் வாய்க்குள் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"என்னவாம், பிள்ளை?" என்றார் அம்மா.

மகன், அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தாலே தலை முழுகாமல் அடுப்படிக்குள் கால் வைக்காத அம்மாவுக்கு, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் சாம்பலை நாக்கில் வைத்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? மகனின் கதி தெரியாத நேரத்தில் அதை அவர் என்ன சகுனமாக எடுப்பார்? இப்படியெல்லாம் அவருக்காகத்தான் யோசித்தேன் என்று கனகாலம் எனக்கே சொல்லி வந்தேன். உண்மையில் நான் யோசித்தது என்னைப் பற்றி. புத்தகத்தில் கிடக்கு என்று சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"அவையின்ர ஊர்க் கோயில் திருநீறாம் அம்மா. வெளியாக்கள் தொடக்கூடாதாம்" என்றேன். நொய்யிடம் திரும்பி, அம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கோயில் திருநீறு என்றதும் கையெடுத்து நொய்யைக் கும்பிட்டார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, நொய்யும் கைகளைக் குவித்துத் தலை குனிந்தார். அவர்கள் ஊரில் கும்பிட்டவரைத் திருப்பிக் கும்பிடாமல் இருக்கமாட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அம்மாவின் கண்ணில் அது மன்னித்துவிட்டேன் என்ற அடையாளம்.

வீட்டுக்கு வந்து உமிக்கரி போட்டு நாக்கை வழித்தேன். அது வாயை மட்டும்தான் சுத்தமாக்கியது. மறுநாள் காலை அம்மா குளித்து, சாமிப் படத்துக்கு முன்னால் அந்தக் கடதாசியை விரித்து, "என்ர பிள்ளையைக் காட்டு" என்று சொல்லி நெற்றியில் பூசிக்கொண்டார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும். நான் சீருடையோடு, கையில் புத்தகத்தோடு, ஒரு மனிதர் என் அம்மாவின் நெற்றியில் ஏறி வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடதாசியை எறிந்துவிடலாம் என்று இரண்டு தரம் கையில் எடுத்தேன். எங்கே எறிவது? குப்பை வாளிக்குள்ளா? கைகழுவும் தொட்டிக்குள்ளா? எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து, ஆறாவது கிழமை அண்ணாவின் கடிதம் வந்தது. மெட்ராஸிலிருந்து. வள்ளத்தில் தப்பி, ஒரு சிநேகிதனின் வீட்டில் இருக்கிறார். அம்மா முற்றத்தில் புல்லின் மேல் இருந்துவிட்டார். அழுதார், சிரித்தார், எழும்பிப் போய்ப் பனங்கட்டியைத் தேடினார். "அந்தத் திருநீறுதான். நான் சொன்னனான் எல்லே? சனிக்கிழமை மோதகம் அவிச்சுக்கொண்டு போய் அந்த மனிசியின்ர கையில குடுக்கவேணும்." அண்ணா உயிரோடு இருக்கிறார் என்று துள்ளவேண்டிய நேரத்தில் நான் சனிக்கிழமையை எப்படித் தவிர்ப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

கடையில் அம்மா மோதகப் பெட்டியை நொய்யின் கையில் வைத்தார். நெற்றியில் அன்று காலை பூசியது அப்படியே இருந்தது. நொய் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அம்மா சொன்னார்: "உங்கட திருநீறுதான் என்ர மகனைக் காட்டித் தந்தது எண்டு சொல்லு, பிள்ளை."

நான் வாயைத் திறந்தேன். அவ்வளவு ஆங்கிலம் படித்தவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

"சொல்லன்!"

"அம்மா," என்றேன். "அது திருநீறு இல்லை. அது அவவின்ர மனிசன். எரிச்ச சாம்பல். அவ அண்டைக்கே சொன்னவ. நான்தான் மாத்திச் சொன்னனான்." திரும்பி நொய்யிடமும் சொன்னேன். என் அம்மாவுக்கு இவ்வளவு நாளும் தெரியாது, நான் பொய் சொன்னேன், அம்மா தினமும் அதைப் பூசிக்கொண்டு தன் மகனுக்காகக் கும்பிட்டார் என்றேன்.

அம்மாவின் கை நெற்றிக்குப் போனது, பாதியில் நின்றது. வெளியே நடைபாதைக்கு ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பால் நாக்கை வழித்து வழித்துத் துப்பினார். தெருவில் போனவர்கள் விலகிப் போனார்கள். நானும் நொய்யும் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் இனி உள்ளே வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு நிண்டனி."

பிறகு அந்தச் சிவப்புத் தட்டின் முன்னால் போய் நின்றார். "இவை வீட்டில வைச்சிருக்கலாமோ?"

நொய்யிடம் கேட்டுவிட்டு, "வைச்சிருக்கிறவையாம்" என்றேன்.

"அப்பாவைக் கொண்டு போகேக்க என்னைப் படலையைத் தாண்ட விடேல்லை. பொம்பிளையள் சுடலைக்கு வரக்கூடாதெண்டு பிடிச்சு வைச்சவை. அடுத்த நாள் அண்ணா போய் அள்ளி, கீரிமலைக் கடலில கரைச்சுப்போட்டு வெறுங்கையோட வந்தவன். என்ர மனிசன்ர சாம்பல் என்ன நிறமெண்டே எனக்குத் தெரியாது." அம்மா தன் விரல் நுனிகளைப் பார்த்தார். "இவவைக் கேள். மாத்தாமல் கேள். பக்கத்தில வைச்சிருந்தா மனம் ஆறுமோ எண்டு."

நான் கேட்டேன். நொய் மோதகப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். "கடை திறந்திருக்கும் நாட்களில் ஆறும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறாது" என்றார். அப்படியே சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அம்மா தலையாட்டினார்.

நொய்யிடம் காட்டவென்று கொண்டு வந்திருந்த அந்தக் கடதாசியைக் கைப்பைக்குள் இருந்து எடுத்தார். மிச்சமிருந்ததை நொய் சிமிழுக்குள் கொட்டினார். மடிப்பில் ஒட்டியிருந்ததை அம்மா சுண்டிச் சுண்டி உதறிவிட்டார். நெற்றியில் இருந்ததை அழிக்காமலே பஸ்ஸில் வந்தார். வீட்டுக்கு வந்து தலை முழுகினார். முழுகி முடித்து வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே இருந்தார்.

என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. அடுத்த மாதம் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். ஒரு வருடத்தில் வங்கிக்கும் டாக்டரிடமும் தனியாகப் போய் வந்தார். சனிக்கிழமைகளில் நொய்யோடு வினைச்சொல்லே இல்லாத ஒரு ஆங்கிலத்தில் மணிக்கணக்காகக் கதைப்பார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "என்னவாம், பிள்ளை?" என்ற கேள்வி பிறகு என் காதில் விழவில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன். பதின்மூன்று வருடம்.

நீ என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு நேரே குனிந்து நிறையச் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டு, நன்றி சொல்லி, அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம், பிள்ளை?"

"புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிட்டுதாம் அம்மா. இனி மருந்து சரிவராதாம். மூண்டு மாதமாம்."

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் கேட்டது" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை உடன முழுக்கக் கரைச்சுப் போடாதை. கொஞ்ச நாள் வைச்சிரு. நொய்யிட்டைக் கேள், அவ சொல்லுவா" என்றார்.

நீ பிறந்து பத்தாம் நாள் அவர் போனார். நொய் அந்தச் சிமிழைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து தந்தார். அதற்குள் இருந்தவரை முன்னமே தன் ஊர் ஆற்றில் விட்டிருந்தார். மாமா டொரொன்டோவிலிருந்து வந்து அம்மாவின் சாம்பலைக் கடலில் கரைத்தார். அதற்கு முன்பு நான் ஒரு பிடி எடுத்துச் சிமிழுக்குள் போடுவதைக் கண்டு திகைத்துப்போய், "உனக்கென்ன விசரோ?" என்றார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது உன் வயது.

இதை வாசித்துவிட்டு உனக்கு உடம்பு கூசலாம். கூசட்டும், எனக்கும் கூசியது. நீ போகிற ஊரில் ஒன்று விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். அழகான மூடியாக இருந்தாலும் கேட்காமல் திறக்காதே. திறந்துவிட்டால், என்ன என்று கேட்கிறவருக்கு உள்ளதைச் சொல்.

எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட சிமிழ்கள் பாங்கொக்கில் பித்தளைக் கடைகளில் கிடைக்கும் என்று நொய் சொல்லியிருக்கிறார். வரும்போது ஒன்று வாங்கி வா. அவசரமில்லை. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்கு. கடையில் உள்ளதைத் திறக்கலாம், மகன். அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கும்.

அம்மா